பெட்டியில் வெட்டியெடுத்த சதுரம்

எங்கள் அப்பா எந்தப் பெட்டியையும் தூக்கிப் போட மாட்டார். மிக்சி வந்த பெட்டி, அந்த மிக்சி செத்து, அடுத்து வாங்கிய மிக்சியும் செத்த பிறகும் பரண்மேல் இருக்கும். டிவி பெட்டி, ஃபேன் பெட்டி, குக்கர் பெட்டி, நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது வாங்கிய கால்குலேட்டரின் பெட்டி. ஒவ்வொன்றுக்குள்ளும் அதனதன் தெர்மாகோல், அதனதன் பிளாஸ்டிக் கவர், அதனதன் கையேடு. கையேட்டை மட்டும் பிரிக்கவே மாட்டார். ஒட்டி வந்த கவர் கிழியாமல் அது அப்படியே பெட்டிக்குள் திரும்பப் போய்விடும். "பிரிச்சுட்டா நாளைக்கு ரிப்பேருன்னு கொண்டு போறப்ப கடைக்காரன் ஒத்துக்க மாட்டான்" என்பார். எந்தக் கடைக்காரன் அவரிடம் இப்படிச் சொன்னான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு அந்தப் பெட்டிகளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊர் அரியலூருக்கும் ஏலாக்குறிச்சிக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி. நாளெல்லாம் சிமெண்ட் லாரி போகிற ரோடு. கூட்டித் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த லாரி போய்விடும். அந்தத் தூசியெல்லாம் பரண்மேல் ஏறி, பெட்டிமேல் படிந்து, ஃபேன் போட்டால் சோற்றுத் தட்டில் இறங்கும். "இந்த மனுசன் செத்தா சவப்பொட்டி வாங்க வேணாம். மேல இருக்கற ஃபிரிட்ஜ் பொட்டியே போதும், ஆளும் அந்த அளவுதான்" என்பாள். அப்பா அதற்கெல்லாம் அசைகிறவர் இல்லை. "தெர்மாகோலும் சேத்து வெச்சிருக்கேன், ஆடாம போகும்" என்பார்.

இதையெல்லாம் நான் பெரம்பலூரில், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், மற்ற டீச்சர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. அந்தப் பெட்டிகளில் ஒன்று என் மகள் உயிருக்கும் என் அம்மா உயிருக்கும் உலை வைத்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

தலைப்பிரசவத்துக்கு நான் தாய்வீட்டுக்கு வந்திருந்தேன். மழைக்காலம். பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் தினம் சுடுதண்ணீர் வேண்டும். கொல்லையில் விறகடுப்பு இருந்தது. ஆனால் விறகெல்லாம் நனைந்து கிடந்தது. ஊதி ஊதி அம்மாவுக்குக் கண்ணெல்லாம் சிவந்துபோனதைப் பார்த்த அப்பா, யாரிடமும் கேட்காமல் அரியலூர் டவுனுக்குப் போய் ஒரு கேஸ் கீசர் வாங்கி வந்துவிட்டார். வீட்டுக்கு ஒரு ஸ்டூல் வாங்கக்கூட மூன்று கடை ஏறி இறங்குகிற மனுசர் அவர். எனக்காக ஒரே கடையில் வாங்கி வந்திருந்தார். கட்டிலில் படுத்தபடி அந்தப் பெட்டியைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாட்டிக் கொடுக்க வந்த ஆள் பாத்ரூம் சுவரில் ஓட்டை போட்டு, கீசரை மாட்டி, சிலிண்டரை வெளியே வைத்து டியூப் கொடுத்தான். மேலே இருந்த வென்டிலேட்டர் சன்னலை ஒருதரம் அண்ணாந்து பார்த்தான். "காத்துக்கு இது இருக்குல்ல, போதும்ங்க" என்றான். டீயைக் குடித்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எதற்குக் காற்று, யாருக்குக் காற்று என்று நாங்களும் கேட்கவில்லை. அப்பா கையேட்டைக் கவரோடு பெட்டிக்குள் போட்டு, பெட்டியைத் துடைத்து, பரண்மேல் ஏற்றினார்.

மறுநாள் எங்களைக் குளிப்பாட்ட அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் நீட்டிய காலில் படுத்துக் குளித்தவைதான். பாத்ரூமுக்குள் நுழைந்தவள் வென்டிலேட்டரைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டாள்.

"ஏம்மா, இந்த ஓட்டையத் தொறந்து போட்டுக்கிட்டா பச்ச உடம்புக்காரியக் குளிப்பாட்டுறது? ஈரக்காத்து சுர்ருன்னு அடிக்குது. சன்னி கண்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது, உன் வூட்டுக்காரனா?"

"துணி வெச்சு அடைச்சேன் அண்ணி, நிக்க மாட்டேங்குது" என்றாள் அம்மா.

"துணி நிக்காது. அட்டையா எதாச்சும் வெட்டி வெச்சுத் திணி."

அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் கட்டிலிலிருந்தே பார்த்தேன். எத்தனை வருசத்துக் காத்திருப்பு அது! ஸ்டூலைப் போட்டு ஏறி, கைக்கு முதலில் அகப்பட்டதை இறக்கினாள். புதுப் பெட்டி, அதனால்தான் முன்னால் இருந்தது. கீசர் பெட்டி. அரிவாள்மனையை எடுத்து வந்து, சன்னல் அளவுக்கு ஒரு சதுரத்தை வெட்டினாள். சத்தம் கேட்டு ஓடி வந்த அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடிப்பாவி! நேத்து வந்த பொட்டிடி அது!"

"இத்தன வருசத்துல ஒரு பொட்டியாச்சும் ஒரு காரியத்துக்கு ஒதவிச்சேன்னு சந்தோசப்படுங்க" என்று சொல்லிவிட்டு, அட்டையை வென்டிலேட்டரில் வைத்து, சுற்றிலும் செலோ டேப் ஒட்டினாள். கதவுக்கடியிலும் காற்று வருகிறது என்று ஒரு பழைய சாக்கை மடித்து வைத்தாள். பாத்ரூம் கும்மென்று அடைபட்டது. அத்தை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் புள்ளபெத்த வூடு மாதிரி இருக்கு" என்றாள். அப்பா ஓட்டை விழுந்த பெட்டியைத் திரும்ப மேலே ஏற்றினார். ஓட்டைப் பெட்டியை எதற்கு வைத்திருக்கிறார் என்று கேட்டு அன்று முழுக்க நாங்கள் அவரை ஓட்டினோம்.

அந்த அட்டையின் அச்சடித்த பக்கம் உள்பக்கமாக இருந்தது. அத்தை என் முதுகில் சுடுதண்ணீரை அடித்து ஊற்றும்போது தலையைத் தூக்கினால் அதுதான் தெரியும். தலைகீழாக ஒரு சின்ன வீடு. வீட்டில் ஒரு சன்னல். சன்னல்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் ஏதோ தொடங்கி, அம்மாவின் வெட்டில் பாதியோடு நின்றிருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்ட படம் மாதிரி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஆவி பரவப் பரவ அது மங்கி மறைந்துவிடும்.

குளித்து வந்தால் எனக்குத் தலை பாரமாக இருக்கும். கண்ணைத் திறக்க முடியாது. "சுடுதண்ணி ஊத்துனா அப்படித்தான் அசத்தும். நல்லதுதான், தூங்கு" என்பாள் அத்தை. பாப்பாவும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். ராத்திரியெல்லாம் வீட்டையே இரண்டாக்கி அழுத பிள்ளை, அத்தை கைபட்ட பிறகு எப்படித் தூங்குகிறது பார் என்று பக்கத்து வீடுகளில் பேச்சு. அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை. பால் குடிக்கக்கூட எழுப்ப வேண்டியிருந்தது. கன்னத்தைத் தட்டுவேன், உள்ளங்காலைச் சுண்டுவேன். பாதி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வாள். பிள்ளை இப்படித் தூங்குகிறதே என்று எனக்கு அழுகை வரும். சொன்னால், "தூங்கலன்னாலும் அழுவற, தூங்குனாலும் அழுவறியே, என்ன பொம்பளடி நீ" என்பாள் அம்மா.

பிறகு எனக்குக் குமட்டல் வந்தது. அத்தைக்கும் தலைவலி வந்தது. குளித்ததும் போடும் சாம்பிராணிதான் காரணம் என்று முடிவு செய்து, கடையை மாற்றி வேறு சாம்பிராணி வாங்கினார்கள். அதற்கும் நிற்கவில்லை. கண்ணு பட்டிருக்கிறது என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை என்று அவளும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெயை வாங்கி வந்து என் நெற்றியிலும் பாப்பா நெற்றியிலும் சிலுவை போட்டாள். எல்லாக் கதவையும் தட்டினோம். அடைத்து வைத்த அந்த ஒரு சன்னலைத் தவிர.

ஒருநாள் பாத்ரூம் மூலையில் ஒரு பல்லி செத்துக் கிடந்தது. மல்லாக்கக் கிடந்தது. பல்லியைக் கண்டால் அலறுகிற அம்மா, "சனியன் ஒழிஞ்சுது" என்று துடைப்பத்தால் தள்ளினாள். கீசரின் சின்னக் கண்ணாடிக்குள் தீ முன்பு நீலமாக எரிந்ததாக எனக்கு நினைவு. இப்போது மஞ்சளாக, நுனி ஆடிக்கொண்டு எரிந்தது. அத்தையிடம் காட்டினேன். "நல்லாத்தான எரியுது" என்றாள்.

பாப்பாவுக்கு ஏலாக்குறிச்சியில் ஞானஸ்நானம் கொடுக்க நாள் குறித்தார்கள். என் மாமனார் வீட்டு ஆட்கள் பெரம்பலூரிலிருந்து வந்து தங்குவார்கள். அவர்களுடைய பையும் பெட்டியும் வைக்கப் பரண் வேண்டும். அம்மா கடைசியாகச் சொல்லிவிட்டாள். "ஏங்க, ஒண்ணு இந்த பொட்டிங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எதுன்னு இன்னிக்கே சொல்லிடுங்க." அப்பா என்னைக் காட்டினார். "அவ படிச்சவ. அவ எத வேணாங்கறாளோ அதத் தூக்கிப் போட்டுடறேன்." படித்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலையில் அத்தை வரவில்லை. தலை பிளக்கிறது, எழுந்திருக்கவே முடியவில்லை என்று சொல்லி அனுப்பினாள். "போவட்டும், நான் பெத்ததக் குளிப்பாட்டுனவதான நான்" என்று அம்மா சேலையைத் தூக்கிச் செருகினாள். பிள்ளைக்கு அறை சூடாக இருக்க வேண்டும் என்று அவளே முதலில் உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, கீசரைத் திறந்துவிட்டு, அண்டாவும் வாளியும் நிரம்புகிற வரை இருந்தாள். பிறகு கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையை நீட்டினாள். பாப்பாவைக் கொடுத்தேன். அம்மாவின் முகம் ஆவியில் சிவந்திருந்தது.

"என்னம்மா, ஒரு மாதிரியா இருக்க?"

"தலைய என்னமோ பண்ணுது. ராத்திரி உம்மவ எங்க தூங்க விட்டா? சாத்து சாத்து, காத்து வருது."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அம்மா செபமாலை சொல்லத் தொடங்கினாள். எந்த வேலை செய்தாலும் அவள் வாய் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். மணியைத் தொடாமலே கணக்குத் தப்பாமல் சொல்வாள். அந்தச் சத்தமும் தண்ணீர் விழும் சத்தமும் கூடம் வரை கேட்டன.

கூடத்தில் அப்பா பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி என்முன் வைத்தார். நான் "வேணாம்" என்பேன், அவர் "இது மட்டும் இருக்கட்டும்" என்பார். குக்கர் பெட்டி போனது. கால்குலேட்டர் பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்தது கீசர் பெட்டி. பக்கவாட்டில் சதுரமாக ஓட்டை. அதைத் தடவிப் பார்த்து, "எப்படிக் கொதறி வெச்சிருக்கா பாரு" என்றார்.

அவரைச் சீண்ட வேண்டும் என்று உள்ளே கையை விட்டுக் கையேட்டை எடுத்தேன். கவர் அப்படியே ஒட்டியிருந்தது. பல்லால் கடித்துக் கிழித்தேன்.

"ஏய், ஏய், பிரிக்காத!" என்று பிடுங்க வந்தார்.

"ஒருதரம் பிரிச்சுத்தான் பாப்பமே, உள்ள என்னதான் எழுதியிருக்கான்னு" என்று சொல்லி முதல் பக்கத்தைத் திறந்தேன்.

அந்தப் படம் அங்கே முழுதாக இருந்தது. வீடு, மூடிய சன்னல், அதன்மேல் பெருக்கல் குறி. பக்கத்தில் ஒரு மனுசன் தரையில் படுத்துக் கிடந்தான். நான் பெட்டியைத் திருப்பினேன். ஓட்டையின் ஓரத்தில், வெட்டு போன இடத்தில், அவன் கால்கள் இரண்டும் மிச்சம் இருந்தன. கீழே இங்கிலீஷிலும் இந்தியிலும் எழுதியிருந்தது. அடைத்த அறையில் இதை எரிக்காதே. காற்றுவழியை ஒருபோதும் மூடாதே. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷக்காற்று சேரும். தலைவலி, குமட்டல், தூக்கம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு வெளியே வா. எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

படித்து முடித்துத் தலையைத் தூக்கினேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. செபமாலைச் சத்தம் கேட்கவில்லை.

"அம்மா" என்றேன். "அம்மா!" என்று கத்தினேன். ரோட்டில் லாரி ஒன்று போனது. அது போன பிறகும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். நான் எப்படி எழுந்தேன், தையல் போட்ட உடம்போடு எப்படி ஓடினேன் என்று தெரியாது. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் அவர் எனக்கு முன்னால் ஓடினார். பிளாஸ்டிக் கதவுதான். இரண்டு உதையில் தாழ்ப்பாள் பிய்ந்தது.

அம்மா பலகையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டியிருந்தாள். கால்மேல் பாப்பா. ஒரு கை பாப்பாவின் தலைக்கடியில் ஏந்தினபடியே இருந்தது. அவள் கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. வாளி நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. நான் பாப்பாவை அள்ளிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். துவண்டு கிடந்தாள். மழைத் தூறலில், அந்த ஈரக்காற்றில், எந்தக் காற்று படக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தோமோ அதே காற்றில் அம்மணமாக அவளைத் தூக்கிப் பிடித்தேன். மாதாவே, மாதாவே என்று கதறினேன். அவள் உடம்பு ஒருதரம் உதறியது. பிறகு பூனைக்குட்டி போல மெலிதாக ஒரு அழுகை. அதைவிட நல்ல சத்தத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு வந்து ஈரத்தரையில் போட்டார். அம்மா அழவில்லை, அசையவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோவில் அரியலூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். லாரிக்குப் பின்னால் லாரியாக நின்றது. அப்பா இறங்கி ஓடி ஒவ்வொரு லாரியின் கதவையும் தட்டி வழி கேட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "அடைச்ச ரூம்ல என்ன எரிச்சீங்க?" என்று கேட்டார். என் இடுப்பில் கையேடு செருகியிருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன்.

பாப்பா பிழைத்தாள். உள்ளே இருந்த நேரம் குறைவு, அதனால்தான் என்றார்கள். அம்மாவும் பிழைத்தாள். மூக்கில் ஆக்சிஜன் வைத்து நாள்கணக்கில் கிடந்து, ஒருநாள் கண்ணைத் திறந்து, "மழ விட்டுடுச்சா?" என்று கேட்டாள். நாங்கள் எல்லோரும் அழுதோம், அத்தை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் திரும்பி வந்தது முழு அம்மா இல்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நடந்தது அவளுக்கு நினைவில்லை. அதற்கு முந்தின நாள்களும் இல்லை. செபமாலை சொல்லத் தொடங்குவாள், பாதியில் நின்றுவிடும். எத்தனை ஆயிற்று என்று என் முகத்தைப் பார்ப்பாள். நான் ஏதோ ஒரு கணக்கைச் சொல்வேன். அவள் அதை நம்பி மேலே சொல்வாள், மறுபடி நிற்பாள்.

"பிரஷர் எறங்கி மயங்கி விழுந்துட்ட" என்று அவளிடம் சொல்லியிருக்கிறோம். அது அப்பாவின் முடிவு. என்னையும் அத்தையையும் கொல்லைக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். "அவ கையாலதான் அடைச்சான்னு தெரிஞ்சா அவ உசுரோட இருக்க மாட்டா. செத்தாலும் ஒங்க வாயில இருந்து வரக்கூடாது." அத்தை தன் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். யோசனை சொன்னவள் அவள். அதன்பிறகு அவள் யார் வீட்டுப் பிள்ளையையும் காலில் போட்டுக் குளிப்பாட்டியதில்லை.

கீசரைக் கழற்றியாயிற்று. சுடுதண்ணீருக்கு மறுபடி கொல்லையில் விறகடுப்புதான். மிச்சம் இருந்தது அந்தப் பெட்டி. மற்றவை எல்லாம் பரணுக்குத் திரும்பிவிட்டன, யாருக்கும் அவற்றை வெளியே போடத் தெம்பில்லை. இது மட்டும் கூடத்து மூலையில் கிடந்தது. ஓட்டையின் ஓரத்தில் அந்த இரண்டு கால்கள். வைத்திருக்கலாமா, போட்டுவிடலாமா என்று இந்தத் தடவை அப்பா என்னைக் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கிழித்துக் கிழித்து அடுப்பில் வைத்தார். பிறந்ததிலிருந்து அவர் ஒரு பெட்டியைக் கிழித்து நான் பார்த்ததில்லை.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். அம்மா மெல்ல நடந்து வந்து, அப்பாவின் கையில் இருந்த கடைசித் துண்டைப் பார்த்தாள். சதுர ஓட்டையின் ஒரு மூலை அதில் இருந்தது. அதை விரலால் தடவினாள்.

"இது எதோட பொட்டிங்க?" என்றாள்.

அப்பா துண்டைத் தீயில் போட்டார்.

"நல்ல கெட்டி அட்ட. இதப் போயி எரிக்கிறீங்களே" என்று அம்மா அவரைக் கடிந்துகொண்டாள். "வூட்ல வெச்சிருந்தா எதையாச்சும் அடைக்கவாவது ஆவும்ல?"